இரும்பு மாத்திரையால் சர்க்கரை வருமா?

“இரும்பு மாத்திரை போட்டா சர்க்கரை வந்துருமாமே, சிஸ்டர்?” ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குமட்டலோடு குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கப்போகும் ரத்தத்துக்காகக் காத்திருக்கும் கர்ப்பிணிகள் கேட்பது இது.

பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பின் அளவு, கூடுதலாக உள்ளவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம் வருவதைப் பல ஆய்வுகள் கண்டன. மிகையான இரும்பு, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை நலிவடையச் செய்யக்கூடும். ஆனால் உடல் பருமனிலும் அழற்சியிலும்கூட ஃபெரிட்டின் ஏறும்; சர்க்கரைக்கும் அவையே வழிவகுக்கின்றன. மாத்திரைதான் காரணமா என்று ஹாங்காங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் சோதித்தார்கள். தினம் 60 மி.கி. இரும்பு எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் சர்க்கரை வந்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2009இல் முடிவு வெளியானது. நம் அரசு தரும் மாத்திரையிலும் அதே 60 மி.கி.தான். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை உள்ள நாட்டில், வதந்தியை நம்பி அதை நிறுத்துவது ஆபத்து.

துத்தநாகமும் மெக்னீசியமும் வேறு கதை. கணையத்தில் ஆறு இன்சுலின் மூலக்கூறுகளைச் சேர்த்துக் கட்டி வைப்பது துத்தநாகம். இன்சுலின் சொல்வதைச் செல் கேட்பதற்கு மெக்னீசியம் வேண்டும். சர்க்கரை உள்ள கர்ப்பிணிகளிடம் இவை குறைந்திருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சர்க்கரை ஏறினாலே மெக்னீசியம் சிறுநீரில் வெளியேறிவிடும். கர்ப்பத்தில் ரத்த அளவு பெருகுவதால் நீர்த்தும் போகும். குறைந்ததால் சர்க்கரையா, சர்க்கரையால் குறைந்ததா? விடை தெளியாமல் கடையில் மாத்திரை வாங்குவதைவிட, கேழ்வரகும் கீரையும் நிலக்கடலையும் அளவோடு தட்டில் இருப்பது மேல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, இரும்புக் குறைவால் ரத்தசோகை இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இந்தக் குளுக்கோஸ் தண்ணீர் தருவதற்கு அதுவும் ஒரு காரணம். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்யலாம் என்ற இந்த எளிய முறையைப் பரவலாக்கியவர் சென்னை மருத்துவர் வி.சேஷையா. இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் வருகையில் இயல்பாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் செல்களை இன்சுலினுக்கு எதிராக முரண்டு பிடிக்க வைப்பது அப்போதுதான்.

குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் மறைக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். மறுநாள் திரும்பவும் எடுப்பார்கள்.