முடிவுள்ள விளையாட்டும் முடிவில்லாத விளையாட்டும்



‘கேம்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதற்குக் காரணம் உண்டு. மகன் ஆன்லைன் ரம்மியில் விட்ட பணத்துக்காக நகையை அடகு வைத்துவிட்டு, வட்டி கட்ட வழியில்லாமல் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் வந்து அழுத தாயைப் பார்த்தவன் நான். பணம் வைத்து ஆடுவது சூது. சூரா அல்மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்தே மைசிரைத் தடுக்கிறது. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. நாட்டின் சட்டமும் இப்போது அந்தப் பக்கம் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. ரம்மியும் போக்கரும் அதில் அடக்கம்.

ஆனால் பயத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேனோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது வந்த கதையைச் சொல்கிறேன்.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகளும் எட்டாம் வகுப்பு படிக்கும் சின்னவனும் இஷாவுக்குப் பிறகு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மூடச் சொல்லத்தான் போனேன். “அத்தா, ஒரு நிமிஷம் உக்காந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க” என்றாள் மகள். பார்த்தேன். திரையில் துப்பாக்கி இல்லை, சீட்டுக்கட்டு இல்லை. ஓர் இட்லிப் பானை இருந்தது.

அந்த விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. உருவாக்கியவர் அபி என்ற தமிழர். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் கதை இது. வெண்பாவிடம் அவள் தாயார் கொடுத்த சமையல் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. பல இடங்களில் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை யூகித்துச் சமைப்பதுதான் ஆடுபவரின் வேலை. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும், புட்டுக்குழலில் எதை முதலில் போடுவது, பிரியாணிக்கு எது எதன் பிறகு என்று யோசிக்க வேண்டும். தவறினால் யாரும் தோற்பதில்லை, மறுபடி செய்யலாம். ஒவ்வொரு சமையல் முடிந்ததும் கதை சில ஆண்டுகள் நகரும். அந்தக் குடும்பம் நம் சமுதாயத்தைச் சேர்ந்ததல்ல, அடுப்பங்கரை நம்முடையதுதான். பிரியாணிக் கட்டம் வந்தபோது தூரத்தில் இருந்த என் மனைவியும் வந்து உட்கார்ந்து, தம் போடுவது பற்றி விளையாட்டோடு வாதாட ஆரம்பித்துவிட்டார். திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்ணிடம் பிரியாணி பற்றிப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

இதைத்தான் கதை விளையாட்டு என்கிறார்கள். புத்தகம் என்றால் பக்கத்தைப் புரட்டினால் கதை நகரும். இங்கே நாம் ஏதாவது ஒன்றைச் செய்தால்தான், அல்லது பதில் சொன்னால்தான் நகரும். நமக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. தமிழ் முஸ்லிம்களின் பழைய இலக்கியத்தில் ‘நூறு மசலா’ உண்டு. ஓர் அரசகுமாரி கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை சொல்லிக்கொண்டே போனால்தான் அதில் கதை முன்னேறும். வீட்டுப் பெரியவர்கள் உரக்க வாசிக்க, சுற்றி இருப்பவர்கள் விடையை யூகித்த காலம் ஒன்று இருந்தது.

வெண்பாவை ஆடி முடிக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறது. இதைத்தான் நான் முக்கியமாகக் கவனித்தேன். ரம்மிக்கு முடிவில்லை, சுட்டு விளையாடும் கைப்பேசி விளையாட்டுகளுக்கும் முடிவில்லை. ஒரு ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டம் தயாராக நிற்கும், நாளைக்கு வந்தால் பரிசு என்று அழைக்கும், நடுவில் ‘டைமண்ட்’ வாங்கச் சொல்லும். எழுந்து போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வியாபாரம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை அரசு தடை செய்தபோது நாம் நிம்மதியானோம். பிள்ளைகள் அடுத்ததற்குப் போய்விட்டார்கள். கதை விளையாட்டோ பெரும்பாலும் ஒருமுறை விலை கொடுத்து வாங்குவது. கதை முடிந்தால் ஆட்டமும் முடிந்தது.

வெண்பாவில் ஒரு கட்டம். கவின் பெரியவனாகி வேறு ஊரில் இருக்கிறான். சிறுவயதில் பள்ளித் தோழர்கள் முன் தன் பெயருக்கும் தன் வீட்டுச் சாப்பாட்டுக்கும் கூச்சப்பட்ட பிள்ளை. அவன் வருகிறான் என்று தாய் ஒன்றுக்குப் பலவாகச் சமைத்து வைக்கிறாள். அவன் வரவில்லை. அந்த இடத்தில் என் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். எங்கள் மூத்தவன் துபாயில் இருக்கிறான். போன பெருநாளுக்கு வருவதாகச் சொல்லி வரவில்லை. அன்று இரவு சின்னவன் தானாகவே அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு, “அம்மாகிட்ட பேசுங்க” என்று போனை நீட்டினான். இப்படிப் பேசுங்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நடந்ததில்லை.

இந்த விளையாட்டுக்கு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்கான விருது கொடுத்தது. கம்ப்யூட்டரிலும், டிவியில் இணைத்து ஆடும் கருவிகளிலும் கிடைக்கிறது. பழைய சினிமாப் பாட்டின் சாயலில் பாட்டுகள் வருகின்றன. இசையைத் தவிர்ப்பவர்கள் ஒலியை நிறுத்திவிட்டும் ஆடலாம், உரையாடல் எழுத்தில்தான் வருகிறது.

பிறகு மகளிடம் கேட்டு மேலும் இரண்டைப் பார்த்தேன். இரண்டும் கைப்பேசிக்காக வந்தவை, இரண்டும் நம் உம்மத்தின் துயரத்தைச் சொல்பவை. 2017இல் பிரான்சில் உருவான ஒன்றில், நூர் என்ற சிரியப் பெண் போரிலிருந்து தப்பி ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறாள். கணவன் மஜ்து ஊரிலேயே இருக்கிறான். நாம் அவன் இடத்தில் இருந்து, வாட்ஸ்அப் போன்ற செய்திகளில் அவளுக்கு யோசனை சொல்கிறோம். சில நேரம் பதில் வர மணிக்கணக்காகும். கதைக்கு 19 முடிவுகள். அதன் பெயர், ‘எனக்கு முன் நீ போய்விடாதே, நீதான் என்னை அடக்கம் செய்ய வேண்டும்’ என்ற பொருளில் சிரியா மக்கள் அன்போடு சொல்லும் வழக்கிலிருந்து வந்தது. நம் வீட்டுக் கிழவிகளும் இதையே சொல்வார்கள். வளைகுடாவிலிருந்து ‘நல்லபடியா வந்து சேந்துட்டேன்’ என்ற ஒரு வரிக்காக விழித்திருந்த குடும்பங்களுக்கு இந்தக் காத்திருப்பை விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்று ‘லைலா’வின் கதை. பாலஸ்தீனத்தின் நாப்லுஸைச் சேர்ந்த ரஷீத் அபூஈதா 2016இல் வெளியிட்டார். 2014ஆம் ஆண்டு காஸா போரில் ஒரு தகப்பன் தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடுகிறான். ஆப்பிள் நிறுவனம் இதை விளையாட்டுப் பிரிவில் சேர்க்க முதலில் மறுத்து, கண்டனம் எழுந்த பிறகு ஏற்றுக்கொண்டது. அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மனதை உலுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரிய பிள்ளைகளும் பெற்றோரோடு பார்ப்பதே நல்லது.

கதை இருந்தாலே நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொலையும் ஆபாசமும் நிறைந்த கதை விளையாட்டுகளும் ஏராளம். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 3, 7, 12, 16, 18 என்று வயது குறித்திருப்பார்கள். பதிவிறக்கும் முன் அதைப் பாருங்கள். ‘ஆப்பில் வாங்கும் வசதி உண்டு’ என்றிருந்தால் நடுவில் பணம் கேட்கும் என்று பொருள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி போனில் அமைத்துக்கொள்ளலாம். உங்கள் யூபிஐ ரகசிய எண் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். கூகுள் ஃபேமிலி லிங்க் மூலம் நேரக் கட்டுப்பாடும் வைக்கலாம். எங்கள் வீட்டில் பாங்கு சொன்னால் திரை மூட வேண்டும் என்பது ஒன்றே விதி. கதை விளையாட்டை நிறுத்திவிட்டுப் போகலாம், திரும்பி வரும்போது விட்ட இடத்தில் நிற்கும். எதிராளியோடு ஆடும் விளையாட்டுகளில் அது முடியாது. ‘இந்த மேட்ச் முடியட்டும் அத்தா’ என்பதில்தான் மஃரிப் போய்விடுகிறது.

பார்க்க விரும்பும் பெற்றோர், வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். என் மகள் லேப்டாப்போடு வருவாள். தாய்மார்களுக்குத் தனி இடம் ஏற்பாடு செய்திருக்கிறோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். தட்டச் சிரமமாக இருந்தால் அவர்கள் சொல்லித் தருவார்கள், எனக்கும் சின்னவன்தான் சொல்லித் தந்தான்.