பள்ளிக்கூட ஆசிரியரின் தேனீக்கள்

தேனீக்கு நிறம் தெரியுமா? 1910இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரப் பூங்கா ஒன்றில் இதைச் சோதித்தவர் சார்லஸ் ஹென்றி டர்னர். சிவப்பு வட்டுகளில் தேன் தடவி வைத்தார். தேனீக்கள் பழகின. பிறகு வேறு நிறங்களையும் கலந்து வைத்தார். அவை சிவப்பையே தேடி வந்தன. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு சரியாக எட்டாது, கருமையாகத்தான் தெரிந்திருக்கும் என்பது பின்னாளில் தெரியவந்த சங்கதி.

டர்னர் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர். 1907இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பட்டம் இருந்தும் பெரிய பல்கலைக்கழகம் எதிலும் இடம் கிடைக்கவில்லை. கறுப்பின மாணவர்கள் படித்த சம்னர் உயர்நிலைப் பள்ளியில் 1908 முதல் பாடம் நடத்தினார். அந்த வேலைக்கு நடுவிலும் ஆய்வை விடவில்லை. வாழ்நாளில் எழுதிய கட்டுரைகள் ஏறத்தாழ 70.

கரப்பான்பூச்சியும் தப்பவில்லை! இருட்டுக்குள் நுழைந்தால் லேசான மின்னதிர்ச்சி. பல தடவை பட்டதும், இருட்டை விரும்பும் அந்தப் பூச்சி வெளிச்சத்திலேயே நின்றுவிட்டது. வெறும் பிறவிக்குணம் என்று பலர் ஒதுக்கிய இடத்தில் அவர் கற்றலைக் கண்டார். கூடு திரும்பும் எறும்பு வட்டமடித்துத் தேடுவதற்கு, பிரெஞ்சு ஆய்வெழுத்தில் ‘டர்னர் சுற்று’ என்றே பெயர்.