முகவரியை நறுக்கும் கத்தரி

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மார்கழியில் ஏற்காட்டுக்குச் சென்றவர்கள், காப்பித் தோட்டங்களின் அருகே எழும் புளிப்பு மணத்தை அறிவார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் காப்பி. பழத்தின் தோலை நீக்கியபின் கொட்டைகளைத் தொட்டியில் குவித்து வைப்பார்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் வழவழப்பான சதையைப் பாக்டீரியாக்களும் ஈஸ்ட் என்னும் நுண்பூஞ்சைகளும் கரைக்கும். பிறகு கழுவினால் கொட்டை தூய்மையாகும்.

அத்தகைய தொட்டியொன்றின் கரையில் நான் நின்றபோது, தோட்டத்து முதியவர் ஒருவர் கேட்டார்: "காற்றுப் புகாத இந்தக் குழம்புக்குள்ளே அது எப்படி ஐயா பிழைக்கிறது?"

மாணவர்களே, அந்தக் கேள்வி நம்மை உயிரணுவின் உள்ளேயே அழைத்துச் செல்கிறது.

ஈஸ்டின் உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உயிர்வளியைப் பயன்படுத்தி ஆற்றல் உண்டாக்கும் உலைகள் அவை. அவற்றில் ஏறத்தாழ ஆயிரம் வகைப் புரதங்கள் வேலை செய்கின்றன. ஆயின், அங்கேயே உருவாகுபவை எட்டே எட்டு. மற்றவையெல்லாம் வெளியே உருவாகி உள்ளே வரவேண்டியவை.

வழி தெரிவது எவ்வாறு? அவற்றுள் பெரும்பாலானவற்றின் முனையில் முகவரிச் சீட்டுப்போல ஒரு சிறு தொடர் இருக்கிறது. பெரும்பாலும் பதினைந்து முதல் ஐம்பது அமினோ அமிலங்கள் கொண்ட அத்தொடர் நேர்மின்னூட்டம் உடையது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறமோ எதிர்மின்னூட்டம் உடையது. ஆகவே, புரதம் மடிப்பவிழ்ந்து, நூல்போல நீண்டு, இரண்டு சவ்வுகளிலும் உள்ள வாயில்களின் வழியே உள்ளிழுக்கப்படுகிறது.

வந்து சேர்ந்ததும் முகவரிச் சீட்டு வேண்டாத சுமையாகிறது. அதை நறுக்குவதற்கு ஒரு நொதி அங்கே காத்திருக்கிறது. அது இரு பகுதிகளால் ஆனது. ஒரு பகுதி சீட்டைப் பற்றிக்கொள்ளும். மற்றது துத்தநாகத்தின் துணையால் வெட்டும். அதன்பின்னரே புரதம் தனக்குரிய வடிவில் மடிந்து பணியைத் தொடங்கும். வெட்டுண்ட துண்டுகளும் அங்கே தேங்குவதில்லை; வேறொரு நொதி அவற்றைச் சிதைத்துவிடும்.

1984-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யாஃபி, ஷாட்ஸ் என்னும் அறிஞர்கள், ரொட்டிக்குப் பயன்படும் ஈஸ்டில் இரு விந்தையான வகைகளைக் கண்டனர். 23 பாகை வெப்பத்தில் அவை வளர்ந்தன. 37 பாகையில் வளர்ச்சி நின்றது. சீட்டு நறுக்கப்படாத புரதங்கள் உயிரணுவில் குவிந்து கிடந்தன. பழுதுபட்டிருந்தவை அந்தக் கத்தரியின் இரு பகுதிகளுக்குரிய மரபணுக்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இப்போது முதியவரின் கேள்விக்கு வருவோம். காற்றில்லாத இடத்தில் ஈஸ்ட் சர்க்கரையை நொதிக்கச் செய்து பிழைத்துக்கொள்ளும், மூச்சையே துறந்துவிடும். ஆனால் அந்தக் கத்தரியை மட்டும் அதனால் துறக்க இயலாது. ஏனெனில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு மற்றொரு தொழிலும் உண்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த நுண்கொத்துகளை அது உருவாக்குகிறது. மரபுப் பொருளைப் படியெடுக்கும் கருவிகளுக்கும் அக்கொத்துகள் தேவை.

இது ஈஸ்டோடு முடியும் கதையன்று. ஃபிராட்டாக்சின் என்ற மனிதப் புரதம் 210 அமினோ அமிலங்களோடு பிறந்து, இதே கத்தரியால் இருமுறை நறுக்கப்பட்டு, 130 அமினோ அமிலங்கள் கொண்டதாய் முதிர்கிறது. அக்கொத்துகளை ஆக்க உதவுவது அதன் தொழில். அப்புரதம் குறைந்து பிறக்கும் சிறுவர்களுக்கு ஃபிரீட்ரீக் தள்ளாட்ட நோய் வருகிறது: நடை தடுமாறும், இதயமும் நலியும். அதற்குரிய மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே, அதையொத்த மரபணுவை நீக்கிய ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பு குவிவதைக் கண்டனர். நோயின் உட்பொருளுக்கு அது ஒரு திறவுகோலாயிற்று. 2023-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு முதன்முதலாக ஒரு மருந்து ஒப்புதல் பெற்றது. அது நோயின் வேகத்தைத் தணிக்கிறதேயன்றி, நோயை நீக்கவில்லை. ஆகவே உங்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது.

நான் முதியவரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "மூச்சை விட்டுவிட்டது, தாத்தா, தொழிலை மட்டும் விடவில்லை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தொட்டியில் நீரைத் திறந்துவிட்டார்.