கற்பூரமும் 152, ஐஸ்கிரீமும் 152! தெரியுமா?

திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் போனவர்களுக்கு அந்த 14 கிலோமீட்டர் பாதையின் வாசனைகள் நன்றாகவே தெரியும். அஷ்டலிங்கச் சன்னிதிகளில் கொளுத்தும் கற்பூரம். ஜூஸ் கடையில் கீறிப் பிழியும் எலுமிச்சைத் தோல். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் வெனிலா ஐஸ்கிரீம். நடந்து முடித்துத் திண்ணையில் சாய்ந்தவர்கள் முழங்காலில் தேய்க்கும் வலித் தைலம். இந்த நான்கு மணங்களுக்கும் காரணமான மூலக்கூறுகளின் எடை ஒன்றேதான் என்றால் நம்புவீர்களா? கற்பூரம் 152. எலுமிச்சை மணத்தைத் தரும் சிட்ரால் 152. வெனிலாவின் வெனிலின் 152. தைலத்தில் குப்பென்று ஏறும் மெத்தில் சாலிசிலேட், அதுவும் 152!

முழு எண்ணோடு நிறுத்திக்கொண்டால்தான் இந்தக் குழப்பம். தசமப்புள்ளியைத் தாண்டிப் பாருங்கள். கற்பூரமும் சிட்ராலும் 152.1201, வெனிலினும் தைலமும் 152.0473. வித்தியாசம் 0.0728! இதற்கு அலகு டால்டன். ஒரு ஹைட்ரஜன் அணு ஏறக்குறைய 1 டால்டன். ஒரு கிராம் கற்பூரத்தில் எத்தனை மூலக்கூறுகள் தெரியுமா? 4 போட்டு, பின்னால் 21 பூஜ்ஜியம். அவ்வளவில் ஒன்றே ஒன்றின் எடையை நான்கு தசம இடம்வரை சொல்கிறார்கள், சாமி!

அது சரி, எடை ஏன் முழு எண்ணாக இல்லை? கார்பன்-12 அணுவின் எடை துல்லியமாக 12 என்று 1961-ல் உலக வேதியியலாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதை வைத்து அளந்தால் ஹைட்ரஜன் 1.007825, நைட்ரஜன் 14.003074, ஆக்சிஜன் 15.994915. ஒவ்வொன்றும் முழு எண்ணிலிருந்து தன் போக்கில் கொஞ்சம் விலகி நிற்கிறது. ஆகவே எந்த மூலக்கூறானாலும் அதன் தசமப் பகுதியைப் பார்த்தே உள்ளே என்னென்ன அணுக்கள், எத்தனை எத்தனை என்று ஊகித்துவிடலாம். ஹைட்ரஜன் நிறைய இருந்தால் தசமம் ஏறும். ஆக்சிஜன் கூடினால் இறங்கும். கற்பூரத்தில் 16 ஹைட்ரஜன், ஒரே ஆக்சிஜன். வெனிலினில் 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். இவ்வளவுதான் சூட்சுமம்.

இந்த விலகலைக் கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரான்சிஸ் ஆஸ்டன். 1919-ல் அணுக்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறைமாலை வரைவியைக் கட்டினார். 1922-ல் நோபல் பரிசு. அணுக்கருவின் துகள்கள் ஒன்றுசேரும்போது கொஞ்சம் எடை காணாமல் போகிறது. அது எங்கே போயிற்று? அணுக்கருவைக் கட்டிவைக்கும் ஆற்றலாக வெளியேறிவிட்டது! நான்கு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகும்போது எடையில் 0.7 சதவீதம் குறைகிறது. ஆஸ்டனின் இந்த அளவையைப் பார்த்துத்தான், சூரியன் இப்படித்தான் எரிகிறது என்று 1920-ல் ஆர்தர் எடிங்டன் சொன்னார். சூரியனை எரியவைப்பதும் வெனிலாவிலிருந்து கற்பூரத்தைப் பிரித்துக் காட்டுவதும் அதே தசம விலகல்தான். அக்னித் தலத்துக்குப் பொருத்தமான சேதி!

சரி, மூலக்கூறை எந்தத் தராசில் வைப்பது? தராசே கிடையாது. முதலில் அதற்கு மின்னேற்றம் கொடுக்கவேண்டும். கரைசலை மின்னழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளித்து, பெரிய மூலக்கூறுகளையும் சிதையாமல் மின்னேற்றலாம் என்று காட்டிய ஜான் ஃபென்னுக்கு 2002-ல் நோபல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 85! அலெக்சாண்டர் மகரோவ் உருவாக்கி 2005-ல் விற்பனைக்கு வந்த ஆர்பிட்ராப் கருவியில், மின்னேறிய மூலக்கூறு ஒரு மின்முனையைச் சுற்றிச் சுற்றி முன்னும் பின்னும் ஊசலாடும். ஊசலின் வேகத்திலிருந்து எடை வந்துவிடும். பத்து லட்சத்தில் மூன்று பங்கு பிசகுவதே அதிகம்: 60 கிலோ ஆளை எடை போட்டு, 0.2 கிராமுக்குள் சரியாகச் சொல்வதற்குச் சமம். இன்னும் கேளுங்கள்: மின்னேற்றத்தில் தொலைந்த ஒரே ஒரு எலக்ட்ரானின் எடையைக் கணக்கில் கழிக்க மறந்தால்கூட விடை தப்பிவிடும்!

இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம் என்று நினைத்தால், சென்னை ஐ.ஐ.டி. வரை வாருங்கள். அங்கே பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் ஆய்வுக்குழு 2013-ல் நித்தியகல்யாணிச் செடியின் இலையையும் இதழையும் மெல்லிய தகட்டில் அச்சாக ஒற்றி எடுத்து, அதன்மேல் மின்னேறிய துளிகளைத் தெளித்து, எந்த மூலக்கூறு எந்த இடத்தில் இருக்கிறது என்று படமே போட்டுவிட்டது. இலையின் நரம்பு, விளிம்பு, பூவின் நடுவில் இருக்கும் நிறப்பொட்டு எல்லாம் மூலக்கூறு எடையால் வரைந்த படம்! மறுவருடம் அதே குழு, அமெரிக்காவின் கிரஹாம் குக்ஸோடு சேர்ந்து, கார்பன் நுண்குழாய் பூசிய காகிதத்திலிருந்து வெறும் 3 வோல்ட்டில் மூலக்கூறுகளை மின்னேற்றிக் காட்டியது. வழக்கமாக இதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். 3 வோல்ட் என்றால் டார்ச் லைட்டில் போடும் இரண்டு செல்!

சுடுகாட்டுப் பூ என்று சிலர் ஒதுக்குகிற அந்த நித்தியகல்யாணி லேசுப்பட்டதல்ல. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், இன்னொரு புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் இரண்டுமே அதில்தான் இருக்கின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும்! வின்பிளாஸ்டின் 810.4204; வின்கிரிஸ்டின் 824.3996. முழு எண்ணில் 14 வித்தியாசம். 14 என்றதும் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடியிருக்கும் என்று பழக்கத்தில் சொல்லத் தோன்றும். அப்படியானால் வித்தியாசம் 14.0157 இருக்கவேண்டும். இருப்பதோ 13.9793! இரண்டு ஹைட்ரஜன் போய் ஓர் ஆக்சிஜன் வந்திருக்கிறது. தசமம் இல்லாவிட்டால் இது பிடிபடுமா?

இப்போது மறுபடி திருவண்ணாமலைக்கு, மலை உச்சிக்குப் போவோம். கார்த்திகை மகாதீபத்துக்கு 2,668 அடி உயரத்தில் சுமார் 3,500 கிலோ நெய், ஆயிரம் மீட்டர் காடாத் துணித் திரி, பெரிய செப்புக் கொப்பரை. தீபம் 11 நாள் எரியும். நமக்கு அது நெய். வேதியியலாளருக்கு அது டிரைகிளிசரைடுகளின் பெருங்கூட்டம். பால்கொழுப்பில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட கொழுப்பமிலங்கள் இருக்கின்றன. மூன்று மூன்றாகக் கிளிசராலில் அவை கோத்துக்கொண்டால் எத்தனை சேர்க்கை வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தக் கொழுப்பமிலங்களில் பியூட்ரிக் அமிலம், 88.0524 டால்டன், பால்கொழுப்பின் தனிமுத்திரை. நல்லெண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ அது கிடையாது. நெய் ஊசிப்போனால் மூக்கைத் துளைப்பதும் இதே ஆசாமிதான்.

2024-ல் திருப்பதி லட்டு நெய் சர்ச்சையில் குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசிய பால்வள வாரிய ஆய்வகத்தின் பெயர் அடிபட்டது நினைவிருக்கும். அரசியல், வழக்கு எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். அங்கே செய்த சோதனையின் அடிப்படை, டிரைகிளிசரைடுகளைக் கார்பன் எண்ணிக்கைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான். கலப்படம் இருந்தால் விகிதம் தடம்புரளும். ஆனால் மாட்டுக்கு எண்ணெய்ச் சத்துள்ள தீவனத்தை அளவுக்கு மீறிப் போட்டாலும் தடம்புரளலாம்! ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கொழுப்பில் இன்னொரு பொறியும் உண்டு. ட்ரைஓலியின் என்ற கொழுப்பு 884.7833. அதைவிட இரண்டு ஹைட்ரஜன் குறைந்த அண்டைவீட்டுக் கொழுப்பு 882.7676. ஆனால் இயற்கையில் நூற்றில் ஒரு கார்பன், எடை கூடிய கார்பன்-13. அண்டைவீட்டுக்காரருக்குள் அப்படி இரண்டு புகுந்துவிட்டால் அவர் எடை 884.7743 ஆகி, ட்ரைஓலியின் வேஷம் கட்டிவிடுவார்! இடைவெளி 0.009. பிரித்துப் பார்க்கக் கருவியின் பகுதிறன், அதாவது எடையை இடைவெளியால் வகுத்தால் வரும் எண், ஒரு லட்சமாவது வேண்டும்.

பச்சைக் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்திலும் இதே நாடகம். லூசின் 131.0946, ஹைட்ராக்சிபுரோலின் 131.0582. சிறுநீரில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு வாசனை அடிக்கும் ஒரு பிறவிநோயைக் கண்டுபிடிக்க லூசினை அளக்கிறார்கள். சோதனைக் கருவி தசமம் பார்க்காத ரகமாக இருந்தால், ஹைட்ராக்சிபுரோலின் கூடிய குழந்தைக்கும் அபாய மணி அடித்துவிடும். மறுசோதனையில்தான் பெற்றோருக்கு மூச்சு வரும்.

அப்படியானால் தசமம் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கற்பூரத்துக்கும் சிட்ராலுக்கும் அணுக்களின் எண்ணிக்கை அச்சு அசலாக ஒன்றே: 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். எத்தனை தசம இடம் போனாலும் எடை பிரியாது! கொட்டைப்பாக்கில் இருக்கும் அரிகெய்டினும் குவாகொலினும் அப்படித்தான், இரண்டும் 141.0790. பிறகு என்ன வழி? உடைக்கவேண்டும். எலக்ட்ரான்களால் அடித்து உடைத்தால் கற்பூரம் 95 எடையுள்ள துண்டைத் தூக்கலாகக் காட்டும், சிட்ரால் 69, வெனிலின் 151, தைலம் 120. கிரிவலப் பாதையின் நான்கு மணமும் ஒருவழியாகப் பிரிந்தாயிற்று. ஆனால் மரத்திலிருந்து எடுத்த கற்பூரமும் தொழிற்சாலைக் கற்பூரமும்? கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்த இரண்டு வடிவங்களில் மரத்தினுடையது வலக்கை வடிவம் மட்டும். ஆலையில் செய்ததில் வலமும் இடமும் கலந்திருக்கும். எடையும் ஒன்று, துண்டுகளும் ஒன்று. அதற்கு வேறு சோதனைதான்.

எடையைக் கொடுத்தால் பெயர்களை நீட்டுகிற தகவல் களஞ்சியங்கள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் தரமணியில்! கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமலின் குழு தொகுத்த 'இம்பாட்', அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகளையும் 17,967 தாவர வேதிப்பொருள்களையும் அடுக்கிவைத்திருக்கிறது. கணக்குப் போடுகிறவர்கள் மூலிகையில் இறங்கினால் இப்படித்தான் கச்சிதமாக வரும். ஆனால் ஓர் எடைக்குப் பத்துப் பெயர் வந்து நின்றால், பட்டியலில் முதலாவதை எழுதிவிட்டுப் போவது அறிவியல் ஆகாது. 2007-லேயே இத்துறையினர் கூடி நான்கு படிகள் வகுத்துவிட்டார்கள்: அசல் மாதிரியை அதே கருவியில் ஓட்டி, குறைந்தது இரண்டு தனித்தனிக் குணங்கள் ஒத்துப்போனால்தான் 'கண்டறியப்பட்டது' என்ற முதல் படி. மற்றதெல்லாம் உத்தேசம், இனம் மட்டும் தெரிந்தது, தெரியாதது.

ஆகவே, மூலிகைத் தைலப் பெட்டியிலோ நெய்ப் புட்டியிலோ 'நூற்றுக்கணக்கான அரிய மருந்துப்பொருள்கள் ஆய்வில் கண்டறியப்பட்டன' என்று அச்சடித்திருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எடையை மட்டும் பார்த்தீர்களா, அசல் மாதிரியோடு ஒப்பிட்டீர்களா?" பதில் வந்த பிறகு காசை எடுங்கள்.