கவ்வியில் தெரிந்த முகம்

சோவியத் ஒன்றியத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான 'பயனியர்' அமைப்பு 1922 மே 19-இல் தொடங்கியது. அதன் அடையாளம், கழுத்தில் கட்டும் முக்கோணச் சிவப்புத் துணி. மூன்று முனைகளும் மூன்று தலைமுறையாம்: கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், கட்சியின் இளைஞர் அமைப்பான கொம்சொமோலைச் சேர்ந்தவர், பயனியர் சிறுவர்.

அந்தத் துணியை ஒரு காலத்தில் முடிச்சுப் போடாமல், சிறிய உலோகக் கவ்வியால் பிடித்துவைத்தார்கள். கவ்வியின் முகப்பில் கொழுந்துவிட்டு எரியும் விறகு. ஐந்து கட்டைகள் ஐந்து கண்டங்களுக்கு. மூன்று தீநாக்குகள், உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான மூன்றாம் அகிலத்துக்கு.

வந்தது 1937. எதிரிகள் என்று சந்தேகித்தவர்களை ஒழிக்க ஸ்டாலின் நடத்திய களையெடுப்பு உச்சத்தில் இருந்த நேரம். யார் கிளப்பிவிட்டார்களோ, ஒரு வதந்தி பள்ளி பள்ளியாகப் பரவியது. கவ்வியைத் திருப்பிப் பிடித்தால் தீச்சுடரில் ஸ்டாலினின் பரம எதிரியான ட்ரொட்ஸ்கியின் தாடி முகம் தெரிகிறதாம்! விறகுக் கட்டைகளுக்குள் நாஜிகளின் ஸ்வஸ்திகா ஒளிந்திருக்கிறதாம்! பிள்ளைகள் பதறிப்போய்க் கவ்வியைக் கழற்றினார்கள். சிரிக்கத் தோன்றும், ஆனால், ட்ரொட்ஸ்கியின் ஆள் என்று பெயர் வாங்கினாலே உயிர் போகக்கூடிய ஆண்டு அது. விவகாரம் ரகசியப் போலீஸ் வரைக்கும் போனது.

அதன்பின் கவ்வி மெல்ல வழக்கொழிந்து, துணியை முடிச்சுப் போட்டுக் கட்டுவதே வழக்கமானது. தீநாக்குகள் மட்டும் மறையவில்லை. லெனின் முகம் பதித்த நட்சத்திரச் சின்னத்தின் உச்சியில், அதே மூன்றும் பின்னாளில் பிள்ளைகளின் சட்டையில் இடம்பிடித்தன. கூடவே, 'எப்போதும் தயார்' என்ற முழக்கமும்.