கேமரா வாங்கியாச்சு, அடுத்து எந்தப் புத்தகம்?

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் லென்ஸைப் பற்றித்தான். லென்ஸுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து முதலில் இரண்டு புத்தகம் வாங்குங்கள் என்பேன். யூட்யூபில் எல்லாமே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்கிற வரிசை அங்கே கிடைப்பதில்லை.

தொடங்க ஏற்றது பிரையன் பீட்டர்சனின் 'அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்'. 1990இல் வந்த புத்தகம். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகும் திருத்திய பதிப்புகள் வந்தன. ஆங்கிலம் எளிமையானது. அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐ.எஸ்.ஓ. மூன்றும் ஒன்றையொன்று எப்படி ஈடுகட்டுகின்றன என்பதுதான் விஷயம். அப்பர்ச்சர் எஃப் 8இல் ஷட்டர் ஸ்பீடு 1/125 நொடி, எஃப் 5.6இல் 1/250, எஃப் 16இல் 1/30: மூன்றிலும் கேமராவுக்குள் போகும் வெளிச்சம் ஒரே அளவு. படங்கள் மட்டும் வேறு வேறு. எஃப் 5.6இல் பின்னணி மங்கும், ஓடும் குழந்தை ஏறக்குறைய உறைந்து நிற்கும். எஃப் 16இல் பின்னணி துலங்கும், குழந்தையோ கலங்கித் தெரியும். எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்த புத்தகம்: ஃபில் ஹன்டர், ஸ்டீவன் பைவர், பால் ஃபுக்வா மூவரும் எழுதிய 'லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்'. ஒளி ஒரு பொருளின் மேல் பட்டு எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்பதை வைத்தே முழுப் புத்தகமும் நகர்கிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் எவர்சில்வர் டம்ளரை மேஜையில் வைத்து, பக்கத்தில் ஒரு பல்பை எரியவிட்டுப் படம் எடுங்கள். கண் கூசும் ஒரு கோடு, மற்ற இடமெல்லாம் இருட்டு, நடுவில் உங்கள் முகம். டம்ளர் ஒரு வளைந்த கண்ணாடி. தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் அது காட்டுகிறது. இப்போது பல்புக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள். கூசும் கோடு அகன்று மென்மையான பட்டையாகும். மறுபக்கம் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தினால் விளிம்பில் கறுப்புக் கோடு விழுந்து, டம்ளரின் உருண்டை வடிவம் எடுப்பாகத் தெரியும். விலையுயர்ந்த விளக்கு எதுவும் தேவைப்படவில்லை, பாருங்கள். நகை, பாத்திரம், மூக்குக்கண்ணாடி என்று பளபளக்கும் எதைப் படமெடுக்கவும் இந்த ஒரு பாடம் கைகொடுக்கும்.

ஆன்சல் ஆடம்ஸின் 'தி கேமரா' (1980), 'தி நெகட்டிவ்' (1981), 'தி பிரிண்ட்' (1983) மூன்றும் பெரிய புத்தகங்கள். ஓராண்டு படமெடுத்துப் பழகிய பிறகு படியுங்கள். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டியும் சாம்பலாகும், எருமையும் சாம்பலாகும். அதைச் சரிசெய்யும் வழியை ஆடம்ஸின் 'ஸோன்' முறையில் கற்கலாம்.

காசில்லாமல் கற்க இணையத்தில் இரண்டு இடங்களை நம்பலாம். அடிப்படைகளுக்குக் 'கேம்பிரிட்ஜ் இன் கலர்'. ஃபிளாஷ் பழக, டேவிட் ஹாபியின் 'லைட்டிங் 101'.

நுட்பம் எவ்வளவு தெரிந்தாலும் நல்ல படங்களைப் பார்க்காமல் கண் பழகாது. புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் அமெரிக்கா முழுக்கச் சுற்றி 767 ஃபிலிம் ரோல்கள் எடுத்தார். 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்தில் அவர் வைத்தவை 83 படங்கள். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்து நானூறு படங்களையும் அப்படியே அனுப்பிவைக்கும் நமக்கு இது அவசியமான பாடம். நம் ஊர் வண்ணங்களுக்கு ரகுபீர் சிங்கின் 'ரிவர் ஆஃப் கலர்' பாருங்கள்.

இவை விலை கூடிய புத்தகங்கள்தான். பழைய பதிப்பு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். எக்ஸ்போஷர் கணக்கும் ஒளியின் கோணமும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அதில் சொன்னதை அன்றே படமெடுத்துப் பாருங்கள்.