கால்வாசி காலி, ஆனாலும் இடமில்லை

பல சர்வர்களை ஒரே சேமிப்பகமாக இணைத்த, நூறு டிஸ்க்குகள் கொண்ட ஒரு கிளஸ்டர். மொத்தக் கொள்ளளவில் 76 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது. அப்படியிருந்தும் அது ஒருநாள் எழுத மறுத்துவிடலாம். இருப்பதைப் படிக்கலாம், புதிதாக ஒரு பைட்கூடச் சேர்க்க முடியாது. எந்தச் சர்வரும் பழுதாகவில்லை. நூறில் ஒரே ஒரு டிஸ்க் 95 சதவீதத்தைத் தொட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இப்படி நடந்துகொள்ளும் சேமிப்பு மென்பொருள்களில் பெயர்பெற்றது செஃப். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வீல் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வாக இதை உருவாக்கினார். முக்கியக் கட்டுரைகள் 2006இல் வெளியாயின. ஆக்டோபஸ், கணவாய் வகைகளுக்கான விலங்கியல் பெயரிலிருந்து வந்த பெயர் இது. பதிப்புகளுக்கும் ஆக்டோபஸ், ஸ்க்விட் என்று அந்தக் குடும்பத்துப் பெயர்களையே சூட்டுகிறார்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன், 2013இல் சுமார் 3 பெட்டாபைட்டுடன் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது.

செஃப்பின் அழகும் சிக்கலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று எழுதிவைக்கும் பதிவேடு அதில் கிடையாது. தரவின் பெயரை ஒரு சூத்திரத்தில் போட்டால் ஒரு தொகுப்பு எண் வரும். அந்த எண்ணை ‘கிரஷ்’ என்ற இன்னொரு சூத்திரத்தில் போட்டால், அதன் மூன்று பிரதிகளும் எந்த டிஸ்க்குகளில் இருக்க வேண்டும் என்பது வந்துவிடும். யார் கணக்கிட்டாலும் அதே விடை. யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்பதால் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகள் வரை வளரலாம். ஆனால் சூத்திரம் ஒரு டிஸ்க்கைக் காட்டிவிட்டால் அங்கேதான் எழுத வேண்டும். பக்கத்து டிஸ்க் பாதி காலியாகக் கிடந்தாலும் பயனில்லை.

சூத்திரத்தின் பங்கீடு குருட்டாம்போக்கானது. முற்றத்தில் ஒரே அளவுக் கிண்ணங்களைப் பரப்பி மழை பிடித்தால், எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் துளிகள் விழுவதில்லை அல்லவா? டிஸ்க்குக்குச் சராசரியாக 100 தொகுப்புகள் வைப்பது வழக்கம். 100இன் வர்க்கமூலம் 10. ஆக, பத்து சதவீத ஏற்ற இறக்கம் வெகு இயல்பு. நூறு டிஸ்க்குகளில் மிக அதிகச் சுமை ஏறியதில் ஏறக்குறைய 125 தொகுப்புகள் இருக்கும். 76ஐ 1.25ஆல் பெருக்கிப் பாருங்கள்: 95.

அந்த 95தான் செஃப் இயல்பாக வைத்திருக்கும் கடைசி வரம்பு. 85 சதவீதத்தில் எச்சரிக்கை. 90இல் அந்த டிஸ்க்குக்கு வேறு இடத்திலிருந்து தரவை நகர்த்துவது நிற்கும். 95இல் எழுத்து நிற்கும். மிச்சம் ஐந்து சதவீதம் வீண் என்று தோன்றும். வேண்டாததை அழித்துவிடலாமே என்றும் தோன்றும். ஆனால் அழிப்பதும் ஒருவகை எழுத்துதான்: எது போனது என்ற குறிப்பைப் பதிய இடம் வேண்டும். முழுக்க நிரம்பிய டிஸ்க்கைக் காலி செய்வதற்குக்கூட வழியிருக்காது.

இதைவிடப் பெரிய பொறி வேறொன்று. ஒரு சர்வர் செத்துப்போனால், அதிலிருந்த பிரதிகளை மற்றவை தாமாகவே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். அதற்காகத்தானே மூன்று பிரதிகள்! ஆனால் உருவாக்கி எங்கே வைப்பது? பத்து சர்வர்கள் 75 சதவீதம் நிரம்பியிருந்து ஒன்று போனால், மீதி ஒன்பதும் 83 சதவீதத்துக்கு ஏறும், சமாளிக்கலாம். நான்கே சர்வர்கள் இருந்து ஒன்று போனாலோ, மூன்றும் சரியாக 100 சதவீதம். பழுதைச் சரிசெய்யப் புறப்பட்ட வேலையே கிளஸ்டரை முடக்கிவிடும். மூன்றே சர்வர்களில் சர்வருக்கு ஒன்றாக மூன்று பிரதிகள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, மறுபிரதி எடுக்க நான்காவது இடமே கிடையாது. சிறிய நிறுவனங்கள் மூன்று சர்வர் வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

‘இன்னும் டிஸ்க் வாங்கிப் போடுவோம்’ என்பது சரியான பதில்தான், தாமதமாகாத வரை. புது டிஸ்க் வந்ததும் சூத்திரத்தின் விடைகள் மாறுகின்றன. தரவு இடம்பெயரத் தொடங்குகிறது. 18 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் நிரப்பினாலே 25 மணி நேரம். பயனர்களின் வேலையும் கூடவே ஓடுவதால் நடைமுறையில் நாட்கணக்கு.

ஏற்ற இறக்கத்துக்கு மருந்து 2017இல் வந்த லூமினஸ் பதிப்பில் கிடைத்தது. சூத்திரத்தைத் தொடாமல், ‘இந்தத் தொகுப்பு மட்டும் அங்கே வேண்டாம், இங்கே இருக்கட்டும்’ என்று ஒரு சிறு விதிவிலக்குப் பட்டியல். சமன்செய்யும் நிரல் அதைப் பார்த்துக்கொள்கிறது. பதிவேடே வேண்டாம் என்று தொடங்கிய அமைப்புக்குள் ஒரு குட்டிப் பதிவேடு நுழைந்தது ஒரு வேடிக்கை. ஆனால் நூறில் 25 கூடுதல் என்றிருந்த சுமை இதனால் சில சதவீதத்துக்குள் அடங்குகிறது.

உங்கள் கல்லூரியிலோ அலுவலகத்திலோ இப்படியொரு கிளஸ்டர் ஓடினால், மாத அறிக்கையில் சராசரியோடு நிறுத்தாதீர்கள். மிக அதிகம் நிரம்பிய டிஸ்க்கின் சதவீதத்தையும், ஒரு சர்வர் போனால் அது எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது எண் 85ஐத் தாண்டினால் அந்த வாரமே கொள்முதல் கோப்பை நகர்த்துங்கள்.